விண்வெளி நிலையத்தின் வெளிச்சுவரில் ஓர் இடம்

இந்திய விண்வெளி நிலையத்தில் எந்தக் கருவி ஏறும், எது ஏறாது என்று முடிவெடுக்கப்போகும் குழுவினருக்கு,



உங்களில் ஒருவரையும் நான் நேரில் அறியேன். கல்லூரியில் இயற்பியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். விண்வெளித் துறையில் எனக்குப் பதவியும் இல்லை, பந்தமும் இல்லை. நிலையத்தின் முதல் பகுதிக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் தந்தது. அது 2028-இல் மேலேறும், 2035-இல் நிலையம் முழுமையடையும் என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. அப்படியானால் வெளிப்புறத்தில் எதை எங்கே பூட்டலாம், அந்த இடம் எத்தனை எடை தாங்கும், அங்கே எத்தனை வாட் மின்சாரம் கிடைக்கும் என்பதெல்லாம் காகிதத்தில் உருவாகும் காலம் இதுதான். இரும்பில் வெட்டியபிறகு கேட்டுப் பயனில்லை என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். பூமிக்கு முதுகுகாட்டி விண்ணைப் பார்க்கும் பக்கத்தில், சில டன் எடையுள்ள ஒரு கருவியைப் பூட்டும்படி ஓர் இடம் விடுங்கள். உயர் ஆற்றல் அண்டக்கதிர்கள் எந்தெந்தத் தனிமங்களின் அணுக்கருக்கள் என்பதை நேரடியாக, ஒவ்வொன்றாகப் பிடித்து அளக்கும் கருவிக்கான இடம்.

உங்களுக்குத் தெரிந்ததையே சொல்லப்போகிறேன் என்றாலும், திறந்த மடல் என்பதால் மற்றவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை.

1912 ஆகஸ்டில் விக்டர் ஹெஸ் பலூனில் 5 கிலோமீட்டருக்கு மேலே போய்வந்து, உயரப் போகப்போக ஒரு கதிர்வீச்சு கூடுகிறது, அது வானத்திலிருந்துதான் வருகிறது என்று காட்டினார். வருபவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு புரோட்டான், ஒன்பது ஹீலியம், மீதி ஒன்றில் கார்பன், ஆக்சிஜன், இரும்பு என்று மற்ற எல்லாம் அடக்கம். இவை எங்கே பிறந்தன என்பது அன்று தொடங்கிய கேள்வி. ஒளியானால் வந்த திசையைத் திரும்பிப் பார்த்தால் போதும், விண்மீன் அங்கே நிற்கும். அண்டக்கதிருக்கு மின்னூட்டம் உண்டு. பால்வெளியெங்கும் பரவிய காந்தப்புலம் அதை வளைத்து வளைத்து, ஒன்றரைக் கோடி ஆண்டுவரை அலையவிட்டு, ஏதோ ஒரு திசையிலிருந்து இங்கே தள்ளிவிடுகிறது. திசையைக் கேட்டால் பொய்தான் கிடைக்கும். மெய்யைச் சொல்லக்கூடியது அதன் உடல் மட்டுமே: என்ன தனிமம், என்ன ஐசோடோப், எந்த விகிதம்.

அந்த ஒன்றரைக் கோடி ஆண்டுக் கணக்கே உடலைப் பார்த்துப் போட்டதுதான். லித்தியம், பெரிலியம், போரான் மூன்றும் சூரியக் குடும்பத்தில் மிக அரிது. அண்டக்கதிரில் அவற்றின் பங்கு அதைவிட லட்சம் மடங்குக்கும் மேல். கார்பனும் ஆக்சிஜனும் வரும் வழியில் விண்மீன்களுக்கு இடையிலுள்ள வாயுவில் மோதி உடைந்து உண்டான துண்டுகள் அவை. எவ்வளவு போரான் இருக்கிறது என்று எண்ணினால் எவ்வளவு வாயுவைக் கடந்து வந்தது என்று தெரியும். பெரிலியம்-10 சுமார் 14 லட்சம் ஆண்டுகளில் பாதியாகக் குறையும். எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தால் பயணக் காலம் தெரியும். இன்னொன்று சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. 1997-இல் ஏவப்பட்ட ஏஸ் விண்கலம் பதினேழு ஆண்டுகளில் பிடித்த மூன்றரை லட்சம் இரும்பு அணுக்கருக்களைச் சலித்தபோது அவற்றில் இரும்பு-60 இருந்தது பதினைந்தே பதினைந்து. இரும்பு-60-இன் அரைவாழ்வு 26 லட்சம் ஆண்டு. ஆகவே அது உருவான விண்மீன் வெடிப்பு அண்மைக் காலத்தது, அதிகத் தொலைவும் இல்லை என்று 2016-இல் சொல்ல முடிந்தது. பதினைந்து துகள்களை வைத்துக்கொண்டு இத்தனை பெரிய வாக்கியத்தைச் சொல்லவிடும் துறைகள் இயற்பியலில் அதிகமில்லை.

ஆனால் இவையெல்லாம் ஆற்றல் குறைந்த கதிர்களின் கதை. சிக்கல் மேலே இருக்கிறது.

லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட்டை ‘டெரா’ என்று சுருக்கிக்கொள்கிறேன். ஜெனீவா அருகே நிலத்தடி வளையத்தில் ஓடும் புரோட்டானுக்கு இன்று 6.8 டெரா. வானத்திலிருந்து வருபவற்றுக்கு அந்த எல்லை கிடையாது. ஆற்றல் கூடக்கூட எண்ணிக்கை சீராகச் சரிந்துகொண்டே போகிறது. ஏறத்தாழ 3,000 டெராவில் அந்தச் சரிவு திடீரென்று இன்னும் செங்குத்தாகிறது. 1958-இல் மாஸ்கோவில் குலிக்கோவ், கிறிஸ்தியான்சென் இருவரும் கண்டது இது. வளைவின் உருவத்தைப் பார்த்து அதற்கு ‘முழங்கால்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அறுபது ஆண்டுக்கு மேலாகியும் முழங்காலில் என்ன நடக்கிறது என்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட விடை இல்லை.

ஒரு நல்ல ஊகம் 1961-இல் வந்தது. சொன்னவர் பெர்னார்ட் பீட்டர்ஸ். அவரைப் பற்றி இங்கே சற்று நிற்கிறேன், ஏனென்றால் அவர் பாதி நம்மவர். ஜெர்மனியிலிருந்து தப்பி அமெரிக்கா போய், பெர்க்கிலியில் ராபர்ட் ஓப்பன்ஹைமரிடம் படித்தவர். 1948-இல் பலூன்களில் புகைப்படக் குழம்புத் தகடுகளை ஏற்றி, அண்டக்கதிரில் புரோட்டானைவிடக் கனமான அணுக்கருக்களும் உண்டு என்று கண்டுபிடித்தவர்களில் ஒருவர். அந்தக் கண்டுபிடிப்பில் சேர்ந்திருந்த மற்றொரு குழுவில் ஓப்பன்ஹைமரின் தம்பி ஃபிராங்க் இருந்தார். மறு ஆண்டே நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன்னால் அண்ணன் ஓப்பன்ஹைமர் தன் பழைய மாணவர் பீட்டர்ஸைப் பற்றிச் சொன்னது செய்தித்தாளில் கசிந்து, பீட்டர்ஸுக்கு அமெரிக்காவில் இருப்பே கடினமாயிற்று. தம்பிக்கும் வேலை போயிற்று. அவர் கொலராடோவில் மாடு வளர்க்கப் போனார். ‘ஓப்பன்ஹைமர்’ திரைப்படம் பார்த்தவர்களுக்கு அந்தக் காலத்தின் காற்று தெரியும். பீட்டர்ஸுக்கு இடம் கொடுத்தவர் ஹோமி பாபா. 1950-களின் பெரும்பகுதியை அவர் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் கழித்தார். யஷ் பால், தேவேந்திர லால் போன்றவர்கள் அவரோடு வேலை செய்து வளர்ந்தவர்கள்.

பீட்டர்ஸ் சொன்னது எளிது. துகளை முடுக்குவது காந்தப்புலம். அது ஒரு துகளை எவ்வளவு நேரம் பிடித்துவைத்திருக்க முடியும் என்பது அதன் மின்னூட்டத்தைப் பொறுத்தது. ஆகவே புரோட்டான் ஓர் ஆற்றலில் தளர்ந்தால் ஹீலியம் அதன் இரு மடங்கில் தளரும், இரும்பு 26 மடங்கில். முழங்கால் என்பது ஒரே வளைவு அல்ல, தனிமத்துக்கு ஒன்றாக அடுத்தடுத்து நிற்கும் படிக்கட்டு. இது சரியா என்று பார்க்க வேண்டுமானால் 3,000 டெராவில் வரும் ஒவ்வொரு துகளையும் நிறுத்தி, நீ புரோட்டானா, ஹீலியமா, இரும்பா என்று கேட்க வேண்டும். அதைத்தான் இதுவரை யாராலும் நேரடியாகச் செய்ய முடியவில்லை.

தரையிலிருந்து செய்கிறார்களே என்பீர்கள். செய்கிறார்கள், அதுவும் மிகத் திறமையாக, நம் ஊட்டியிலேயே. காற்றுமண்டலத்தின் மொத்த எடை பத்து மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமம்; அதற்குள் நுழையும் அண்டக்கதிர் உச்சியிலேயே மோதிச் சிதறி லட்சக்கணக்கான துகள்களின் மழையாக இறங்குகிறது. ஊட்டியில் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிரேப்ஸ்-3 ஆய்வகத்தில் துகள் பட்டால் ஒளிரும் சுமார் 400 பிளாஸ்டிக் சின்டிலேட்டர்கள் எட்டு மீட்டருக்கு ஒன்றாக நிற்கின்றன. பக்கத்தில் 560 சதுர மீட்டர் பரப்பில், கான்கிரீட் அடுக்குக்கு அடியில், ஆறு மீட்டர் நீளமுள்ள 3,712 எஃகுக் குழாய்கள் அந்த மழையிலுள்ள மியூயான் என்ற துகள்களை எண்ணுகின்றன. கனமான அணுக்கருவின் மழையில் மியூயான் அதிகம். அதை வைத்து முதலில் வந்தது எது என்று கணிக்கிறார்கள். 2024-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு உலகம் கவனித்த ஒன்று: 50 டெராவிலிருந்து 1,300 டெராவரை புரோட்டான் கணக்கைப் பிரித்தெடுத்து, சுமார் 166 டெராவில் சரிவு சற்று மட்டுப்படுகிறது என்று காட்டினார்கள். 

அந்த வேலையின்மேல் எனக்குள்ள மரியாதையால்தான் அதன் எல்லையையும் சொல்கிறேன். தரைக் கருவி பார்ப்பது மழையை. அதை வைத்து முதல் துகளைச் சொல்வது, சிதறிக்கிடக்கும் ஓட்டாஞ்சில்லைப் பார்த்து உடைந்தது பானையா சட்டியா என்று சொல்வதைப் போன்றது. நன்றாகப் பழகியவர் சொல்வார். ஆனால் பானை எப்படி உடையும் என்ற கோட்பாடு ஒன்று அவருக்கு முன்கூட்டியே வேண்டும். காற்றில் நடக்கும் மோதல்களுக்கு அப்படிப் பல கணினி மாதிரிகள் இருக்கின்றன. ஜெர்மனியின் காஸ்கேட் ஆய்வகத்தில் ஒரே தரவை இரண்டு மாதிரிகளில் போட்டபோது தனிம விகிதங்கள் இரண்டுவிதமாக வந்தன. தவறு காஸ்கேடினுடையது அல்ல, காற்றினுடையது. காற்றுக்கு மேலே போனால் அந்தச் சந்தேகம் இல்லை.

மேலே போவது என்றால் என்ன என்பதில்தான் எடையைப் பற்றிய என் கோரிக்கையின் நியாயம் இருக்கிறது. எனவே கருவிக்குள் கொஞ்சம் போகலாம்.

அளக்கவேண்டியவை இரண்டு: மின்னூட்டம், ஆற்றல். மின்னூட்டம் சுலபம் என்று தோன்றும். துகள் ஒரு மெல்லிய தகட்டைத் துளைக்கும்போது அதில் விட்டுச்செல்லும் அயனியாக்கம் மின்னூட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். புரோட்டான் ஒன்று என்றால் ஹீலியம் நான்கு, கார்பன் 36, இரும்பு 676. குழப்பமே வராதுபோல் இருக்கிறது அல்லவா?

ஆற்றல்தான் செலவு வைப்பது. காந்தத்தில் வளைத்து அளக்கலாம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2011 முதல் இருக்கும் ஏ.எம்.எஸ் அதைத்தான் செய்கிறது. ஆனால் புரோட்டான் இரண்டு டெராவைத் தொடும்போது அதன் பாதை ஏறக்குறைய நேர்கோடாகிவிடுகிறது. வளைவே இல்லாததை எப்படி அளப்பது? அதற்கு மேலே கலோரிமீட்டர்தான் வழி. அடர்த்தியான பொருளில் துகளை மோதவிட்டு, உண்டாகும் மழையைப் பொருளுக்குள்ளேயே முடியவைத்து, அது தரும் ஒளியைக் கூட்ட வேண்டும். சீனா 2015 டிசம்பரில் ஏவிய டாம்ப்பே செயற்கைக்கோளில் 308 பிஸ்மத் ஜெர்மானேட் படிகக் கம்பிகள் இதற்காகவே அடுக்கப்பட்டுள்ளன. அத்தனை இருந்தும், புரோட்டானின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அதில் தங்குகிறது. மீதி அடிவழியாக வெளியேறிவிடுகிறது; வெளியேறியது எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுத்தான் சேர்க்க வேண்டும். இன்னும் தடிமனாக வைத்தால் இன்னும் பிடிபடும். தடிமன் என்றால் எடை. எடை என்றால் ராக்கெட். ராக்கெட் என்றால் நீங்கள்.

இதில் ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. சோவியத் யூனியன் 1960-களில் யு.ஆர்-500 என்ற ராட்சத ராக்கெட்டைச் செய்தது. முதலில் நினைத்தது மிகப் பெரிய அணுகுண்டைச் சுமக்க. அது முதன்முதலாக 1965 ஜூலையில் மேலே கொண்டுபோனது 12 டன்னுக்கு மேல் எடையுள்ள அண்டக்கதிர் ஆய்வுக்கூடம் ஒன்றை. அந்தச் செயற்கைக்கோளுக்குப் பெயர் ‘புரோட்டான்’. அதன் பெயரே ராக்கெட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. 1968-இல் போன நான்காவது புரோட்டான் 17 டன். பிற்பாடு உலகின் முதல் விண்வெளி நிலையமான சல்யூத்தையும், மிர் நிலையத்தையும், சர்வதேச நிலையத்தின் முதல் பகுதியையும் ஏற்றியது அதே புரோட்டான் ராக்கெட்தான். விண்வெளி நிலையங்களைச் சுமந்த வண்டி முதலில் பழகியது அண்டக்கதிர்க் கலோரிமீட்டரைச் சுமந்து. உங்கள் கூட்டத்தில் யாராவது, ஆட்கள் வாழும் நிலையத்துக்கும் இந்தக் கனமான இரும்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் இதைச் சொல்லலாம்.

ஆனால் அந்த வரலாற்றின் பின்பாதியையும் மறைக்கக்கூடாது. நிக்கோலாய் கிரிகோரோவின் குழு புரோட்டான் செயற்கைக்கோள் தரவைப் பார்த்து, புரோட்டான்களின் எண்ணிக்கை ஒரு டெராவுக்கு அருகிலேயே செங்குத்தாகச் சரிகிறது என்று அறிவித்தது. பரபரப்பான முடிவு. 1972-இல் நாசாவின் கோடார்டு மையத்தைச் சேர்ந்த ரையன், ஓர்ம்ஸ், பாலசுப்பிரமணியன் மூவரும் பலூன் கலோரிமீட்டரில் அளந்து வெளியிட்டதில் அந்த முறிவு தென்படவில்லை. பின்னால் வந்த கருவிகளிலும் இல்லை. சோவியத் கருவியில் நடந்ததாகக் கருதப்படுவது இது: கலோரிமீட்டருக்குள் வெடிக்கும் மழையில் ஒரு பகுதி கீழே போகாமல் மேல்நோக்கித் தெறிக்கிறது. தெறித்தவை மேலேயுள்ள மின்னூட்டத் தகட்டில் பட்டு அதன் சமிக்ஞையைக் கூட்டிவிடுகின்றன. வந்தது புரோட்டான், தகடு காட்டியது அதைவிடக் கனமான ஒன்றை. ஆற்றல் கூடக்கூடத் தெறிப்பும் கூடும், ஆகவே புரோட்டான் கணக்கிலிருந்து நழுவுபவையும் கூடும். வானத்தில் இல்லாத முறிவைக் கருவியே உண்டாக்கிவிட்டது.

மின்னூட்டம் சுலபம் என்று மேலே எழுதியதைக் கொஞ்சம் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். டன் கணக்கில் கட்டி மேலே அனுப்பியும், ஒரு மெல்லிய தகடு கவிழ்த்துவிட்டது. அதன்பிறகு வந்தவர்கள் அந்தத் தகட்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாகவும் பட்டைகளாகவும் பிரித்தார்கள். எந்தக் கட்டத்தில் உண்மைத் துகள் நுழைந்தது, எந்தக் கட்டத்தில் தெறிப்பு விழுந்தது என்று அப்போது பிரித்துக் காணலாம். அண்டார்க்டிகாவைச் சுற்றிப் பறந்த கிரீம் பலூன் கருவி நேரத்தையும் சேர்த்துக்கொண்டது: மேலிருந்து வந்தது முதலில் வரும், தெறித்தது சில நானோ வினாடி தாமதித்து வரும். நீங்கள் ஏற்றும் கருவியில் முதலில் பார்க்கவேண்டிய இடம் படிகங்கள் அல்ல, அவற்றுக்கு மேலேயுள்ள இந்த மெல்லிய அடுக்குகள் என்பது என் துணிபு.

இந்தப் பாடங்களைக் கற்ற கருவிகள் கடந்த இருபது ஆண்டுகளில் செய்தது சாதாரணமானதல்ல. முழங்கால்வரை ஒரே நேர்கோடு என்று நானே வகுப்பில் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். பாடநூலில் அப்படித்தான் இருந்தது. 2010, 2011-இல் கிரீமும், ரஷ்யச் செயற்கைக்கோளில் பறந்த இத்தாலியர்களின் பமேலாவும் அந்தக் கோடு ஒரு டெராவை எட்டும் முன்பே வளைகிறது என்றன. ஏ.எம்.எஸ் அதை உறுதிசெய்தது. ஹீலியம், கார்பன், ஆக்சிஜன் மூன்றும் ஒரே நடையில் போகின்றன, நியான், மக்னீசியம், சிலிக்கான் வேறு நடை, இரும்போ மறுபடி ஹீலியத்தின் கூட்டத்தில் என்று தனிமவாரியாகப் பிரித்தும் காட்டியது. ஏன் இப்படி என்று இன்றுவரை சண்டை. 2019-இல் டாம்ப்பே, புரோட்டான் 13.6 டெராவில் மீண்டும் சரிகிறது என்றது. ஹீலியம் 34 டெரா பக்கத்தில். ஜப்பானின் காலெட்டும் 2022-இல் 60 டெராவரை போய்ப் பத்து டெராவை ஒட்டி அதே சரிவைக் கண்டது. கிரிகோரோவ் தேடிய முறிவு இருந்திருக்கிறது, பத்து மடங்குக்கு மேல் தள்ளி.

இப்போது நிலவரம் இதுதான். 100 டெராவரை வானத்திலிருந்து நேரடி அளவு உண்டு. 166 டெராவில் ஊட்டி சொல்லும் திருப்பம். 3,000 டெராவுக்குச் சற்று மேலே முழங்கால். சீன மலைகளில் உள்ள லாசோ அதை 3,670 டெரா என்று 2024-இல் துல்லியமாக்கியிருக்கிறது. 100-க்கும் 3,000-க்கும் நடுவே, மழையைப் பார்த்துக் கணிக்காமல் துகளையே பிடித்துப் பார்த்த அளவுகள் சொற்பம். கேள்வியின் விடை அந்த இடைவெளியில்தான் கிடக்கிறது. விண்மீன் வெடிப்பின் எச்சங்கள் புரோட்டானை எதுவரை முடுக்கும்? ஒரே வகை மூலங்களா, இரண்டு மூன்று வகைகளின் கூட்டா? பீட்டர்ஸின் படிக்கட்டு நிஜமா?

நிரப்பாமல் இருப்பது அறியாமையால் அல்ல. முழங்காலில் ஒரு சதுர மீட்டரில் ஓர் ஆண்டுக்கு விழுவது ஏறக்குறைய ஒரே ஒரு துகள். காலெட்டின் பிடிபரப்பு சுமார் பத்தில் ஒரு பங்கு சதுர மீட்டர். பத்தாண்டு காத்திருந்தால் ஒரு துகள் வரும். அதுவும் எது என்று அடையாளம் காண ஒற்றைத் துகள் போதாது. 100 டெராவுக்கு மேலே கணக்கு அத்தனை மோசமில்லை, சதுர மீட்டருக்கு ஆண்டில் சில நூறு. ஆக, பரப்பு சில சதுர மீட்டர், தடிமன் இப்போதிருப்பதைப்போல் இரு மடங்கு, காலம் பத்தாண்டு. இந்த மூன்றையும் பலூன் தராது, சின்னச் செயற்கைக்கோள் தராது. விண்வெளி நிலையம் தரும். சீனர்கள் இதைப் புரிந்துகொண்டு ஹெர்ட் என்ற சுமார் 4 டன் கருவியைத் தங்கள் நிலையத்துக்காக ஐரோப்பியர்களோடு சேர்ந்து உருவாக்குகிறார்கள். மேல்முகம் மட்டுமல்லாமல் நான்கு பக்கங்களிலிருந்தும் நுழையும் துகள்களைப் பிடிக்கும் ஏற்பாடு. பரப்பைக் கூட்ட அது சாமர்த்தியமான வழி.

அவர்கள் செய்யும்போது நாம் எதற்கு என்ற கேள்வி உங்கள் மேசையில் கட்டாயம் எழும். எழவேண்டிய கேள்விதான். கொடி பறப்பதற்காக என்று பதில் சொன்னால் நானே எதிர்த்து வாக்களிப்பேன். என் பதில் வேறு. ஏ.எம்.எஸ், காலெட் இரண்டும் ஒரே நிலையத்தில், சில பத்து மீட்டர் இடைவெளியில் இருப்பவை. கார்பனையும் ஆக்சிஜனையும் இரண்டும் அளந்தன. வரைகோட்டின் வடிவம் ஒத்துப்போகிறது, அளவு ஒத்துப்போகவில்லை. காலெட் காட்டும் எண்ணிக்கை ஏ.எம்.எஸ் காட்டுவதைவிட 27 விழுக்காடு குறைவு. ஒரே வானம், ஒரே சுற்றுப்பாதை, இரண்டும் நேர்மையான குழுக்கள். எங்கே பிசகு என்று மூன்றாவது கருவிதான் சொல்ல முடியும். கலோரிமீட்டரை ஜெனீவாவின் சிறிய முடுக்கி ஒன்றில் வைத்துச் சோதிக்கும்போது கிடைக்கும் புரோட்டான் கற்றை 0.4 டெரா, அதை நம்பி 100 டெராவை அளக்கிறோம், 250 மடங்கு தாண்டி. 1,000 டெராவில் ஒற்றைக் கருவி மட்டும் ஒரு முடிவைச் சொன்னால் அதைச் சரிபார்க்க உலகில் வேறு எதுவும் இருக்காது. கிரிகோரோவுக்குக் கோடார்டு பலூன் இருந்தது. ஹெர்டுக்கு?

மேலும், சர்வதேச நிலையம் 2030-ஐ ஒட்டி ஓய்வுபெறப்போகிறது. ஏ.எம்.எஸ், காலெட் இரண்டும் அதோடு போகும். டாம்ப்பே மூன்றாண்டு உழைக்க வடிவமைக்கப்பட்டது. ஏற்கெனவே பலமடங்கு உழைத்துவிட்டது.

நமக்கு இது புதுத் துறையும் அல்ல. 1985 ஏப்ரலில் சேலஞ்சர் விண்ணோடத்தில் ‘அனுராதா’ போனது: சுகுமார் பிஸ்வாஸ் தலைமையில் டாட்டா நிறுவனத்தார் செய்த பிளாஸ்டிக் தகடுகளின் அடுக்கு, ஆற்றல் குறைந்த கதிர்களின் அணுக்கருக்கள் எத்தனை எலக்ட்ரான்களை இழந்திருந்தன என்று பார்க்க. அடுக்கின் ஒரு பகுதி மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும், துகள் விழுந்த நேரமும் தெரியவேண்டும் என்பதற்காக. நாற்பது ஆண்டாகிவிட்டது. அந்த வரிசையில் அடுத்த பெயர் இல்லை. ஊட்டியில் சின்டிலேட்டர்களையும் மின்னணுச் சுற்றுகளையும் சொந்தமாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜெனீவாவின் பெரும் கருவிகளில் இருபது முப்பது ஆண்டு வேலை பார்த்த இந்தியக் குழுக்கள் இருக்கின்றன. இடம்தான் இல்லை. 

மனிதர்களைப் பத்திரமாக ஏற்றி இறக்குவதே முதல் வேலை, அதில் பிசகினால் எல்லாம் போச்சு என்பதை நான் அறிவேன். முதல் பகுதியிலேயே நான்கு டன் கேட்கவில்லை. பிற்பாடு வரும் பகுதிகளில் ஒன்றில், எடையும் மின்சாரமும் தரவுக்கோடும் தாங்கக்கூடிய ஒரு பூட்டுமுகம் இருக்கட்டும். கருவி தயாராகும்போது வரட்டும். அந்த முகத்துக்கு எதிரே சூரியத் தகடோ, வந்து சேரும் விண்கலமோ வானத்தை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தகடு சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் சில நிமிடம் மறைத்தாலும், அந்தத் தகட்டில் மோதி உடைந்து வரும் இரும்பு மாங்கனீசாகப் பதிவாகும்; கணக்கு கெடும். சுற்றுப்பாதையின் சாய்வைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இத்தனை ஆற்றலுள்ள துகளைப் பூமியின் காந்தப்புலம் தடுக்காது, நிலையம் எந்தப் பாதையில் போனாலும் சரி.

இன்னொன்றையும் வரைபடத்தில் சேர்க்கச் சொல்வேன்: பழுது பார்க்கும் வசதி. ஏ.எம்.எஸ் ஏறியபோது அதைக் கழற்றிப் பார்க்கும் எண்ணமே யாருக்கும் இல்லை. குளிரூட்டும் பம்புகள் ஒவ்வொன்றாக நின்றபோது, 2019 நவம்பரிலிருந்து 2020 ஜனவரிக்குள் லூக்கா பார்மிட்டானோவும் ஆண்ட்ரூ மார்கனும் நான்குமுறை வெளியே மிதந்து, எஃகுக் குழாய்களை வெட்டி, புதிய பம்பு பொருத்தினார்கள். அதற்கான கருவிகளையே தனியாகச் செய்யவேண்டியிருந்தது. கைப்பிடியும், கையுறை விரலுக்கு எட்டும் திருகும், வெட்டாமல் கழற்றும் இணைப்பும் முதலிலேயே இருந்தால் அந்தப் பாடு வேண்டாம். விண்வெளியில் ஆட்கள் இருப்பதால் அறிவியலுக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான பதிலும் இல்லை.

பணத்தைப் பற்றி நான் பேசமாட்டேன். அது என் படிப்பு அல்ல. ஆனால் செலவில் பெரும்பங்கு படிகங்களிலும் ஏற்றுகூலியிலும் போகும், அறிவியலுக்கு உயிர்நாடியான மின்னூட்ட அடுக்குகள் ஒப்பீட்டில் மலிவு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வெட்டு விழும்போது மலிவானதைத்தான் முதலில் வெட்டுவார்கள், அளவுக்கு மீறி இருக்கிறதே என்று. அந்த அடுக்குகளில் ஒன்றைக்கூட விடாதீர்கள். படிகம் ஒரு வரிசை குறைந்தால் ஆற்றல் கொஞ்சம் மங்கும். மின்னூட்டம் குழம்பினால் வானமே மாறிப்போகும்.

கருவிகளுக்கான அழைப்பை நீங்கள் வெளியிடும் நாளில் எடை வரம்பு என்ற கட்டத்தில் சில நூறு கிலோ என்று எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் ஊட்டியிலும் மும்பையிலும் இருக்கும் இளைஞர்கள் அந்தத் தாளைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள், தாங்கள் கேட்க நினைத்ததைக் கேட்காமலே. நான்கு டன் என்றோ, முடியாவிட்டால் இரண்டு என்றோ போடுங்கள். மற்றதை அவர்கள் உங்களிடம் வந்து வாதாடட்டும்.

மதிப்புடன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்